கிற்றார் பிக்கப் மாற்றப்போகிறீர்களா? வாங்க முன்னம் பார்க்கவேண்டியவை

"அண்ணை, எந்தக் கொம்பனிப் பிக்கப் நல்லது?" கிளிநொச்சிப் பக்கம் மின்கிற்றார் வைத்திருக்கும் தம்பிமார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுதான். பிக்கப் என்றால் தந்திகளுக்குக் கீழே பூட்டியிருக்கும், அவற்றின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம். உண்மையில் கொம்பனிப் பெயர் கடைசியாகப் பார்க்கவேண்டியது. கொழும்பில் வாங்கினாலும் சரி, கனடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டிக்குள் வந்தாலும் சரி, இங்கே வந்து சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆகவே முதலில் கிற்றாரை அளக்கவேண்டும், வாசிக்கும் இடத்தின் கரண்டைப் பார்க்கவேண்டும், பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டும். மிஞ்சுகிற இரண்டு மூன்றுக்குள் கொம்பனி பார்க்கலாம்.

கையில் இருக்கவேண்டியவை: ஒரு மல்ரிமீற்றர், மில்லிமீற்றர் கோடுகள் தெளிவாகத் தெரியும் அடிமட்டம், ஸ்குறூ ட்றைவர், படம் எடுக்க ஒரு போன்.

படி 1: பிழை பிக்கப்பில்தானா?

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும். கம்பி தலைமயிர் அளவு மெல்லியது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருக்கும். காந்தப் புலத்துக்குள் உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. அவ்வளவுதான். இதற்குள் தேய்ந்துபோக எதுவும் இல்லை. "பழசாகிவிட்டது, சத்தம் குறைந்துவிட்டது" என்பவர்கள் முதலில் தந்திகளை மாற்றிப் பார்க்கட்டும். வொலியூமைத் திருகும்போது கரகரத்தால் அது பொட்டின் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் தடையின்) வேலை. கேபிளை அசைக்கும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக்கைப் பாருங்கள்.

இரைச்சலுக்கும் ஒரு சோதனை உண்டு. அம்பிளிபயரைப் போட்டு, தந்தியில் கை வையுங்கள். இரைச்சல் குறைந்தால் கிற்றார்க் குழியின் உட்பக்கத்துக்குச் செப்புத் தகடு ஒட்டுவதே பாதி நிவாரணம். கை வைக்கும்போது கூடினால் ஜாக்கில் வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். கிற்றாரோடு நீங்கள் வேறு வேறு பக்கம் பார்த்துத் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், அதுதான் பிக்கப் பிடிக்கும் இரைச்சல்.

தந்தியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும்போது சுரீர் என்று அடிக்கிறதா? வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். அது எர்த் பிரச்சினை. எந்தப் பிக்கப்பும் அதைத் தீர்க்காது. வயர்மனைக் கூப்பிடவேண்டும்.

படி 2: இருக்கும் பிக்கப்பை அளந்து எழுதுங்கள்

கிற்றாரைத் திறக்கவே தேவையில்லை. கேபிளைச் செருகி, வொலியூமை முழுதாகத் திறந்து, சுவிச்சை ஒரு பிக்கப்பில் மட்டும் வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் தண்டுக்கும் இடையிலான தடையை மீற்றரில் பாருங்கள். ஸ்ராற்றோகாஸ்ரர் வகைக் கிற்றாரின் சிங்கிள் கொயில் (ஒரே சுருள் உள்ள பிக்கப்) ஏறத்தாழ 5.5 முதல் 7 கிலோ ஓம் காட்டும். பழைய பாணி ஹம்பக்கர் (இரண்டு சுருள் உள்ள பிக்கப்) 7 முதல் 9 வரை. அடித்து வாசிக்கவென்று செய்யப்பட்ட சூடான, அதாவது பலமான சத்தம் தரும் ஹம்பக்கர் 13 முதல் 17 வரை போகும். மீற்றர் 250 அல்லது 500 கிலோ ஓமுக்குக் கிட்டக் காட்டினால் நீங்கள் பார்ப்பது வொலியூம் பொட்டின் தடையை. பிக்கப்பின் கம்பியோ அதற்கு வரும் வயரோ எங்கோ அறுந்துவிட்டது.

இந்த இலக்கத்தை அளவுக்குமீறி நம்பவேண்டாம். மெல்லிய கம்பி சுற்றினாலே தடை கூடிவிடும். சத்தம் அதே அளவில் கூடாது. ஒரே வகைக்குள் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெக்கையும் ஒரு கணக்கு. செப்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். 20 பாகையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் சித்திரை மதியத்து 35 பாகையில் 8.4, 8.5 காட்டும். பெட்டியில் அச்சடித்த இலக்கத்தோடு ஒத்துவரவில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

படி 3: எங்கே வாசிக்கிறீர்கள்?

என்னைக் கேட்டால் வன்னியில் பிக்கப்பைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் இரைச்சலைச் சிங்கிள் கொயில் பிக்கப் அப்படியே வாங்கி அம்பிளிபயருக்குக் கொடுத்துவிடும். வீட்டில் பொறுத்துக்கொள்ளலாம். கோயில் திருவிழா மேடை வேறு. ஜெனரேற்றர், கலர் லைற்றுகளின் டிமர், பழைய சோக் போட்ட ரியூப் லைற், காலடியில் சுருண்டு கிடக்கும் கரண்ட் வயர் எல்லாம் சேர்ந்து, பாட்டுக்கு நடுவே நீங்கள் நிறுத்தும் இடத்தில் "ம்ம்ம்" என்று கேட்கும். டிஸ்ரோர்ஷன் (சத்தத்தைப் பெருக்கி உடைக்கும் எபெக்ற்) போட்டால் அந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இதற்கு மருந்தாகத்தான் கிப்சன் கொம்பனியின் சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்கள், காந்தத் திசையும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிர். இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துவிடும். தந்தியின் சத்தம் மட்டும் கூடும்.

உங்கள் கிற்றாரில் மூன்று ஒடுங்கிய சிங்கிள் கொயில் இருந்தால் பலகையை வெட்டி அகலமான ஹம்பக்கர் போடவேண்டுமா? வேண்டாம். அதே ஒடுங்கிய அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது. இரண்டு உருக்குத் தகடு வைத்த ரெயில் வகை ஒன்று. சுருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது இன்னொன்று. ரெயில் வகையின் சத்தம் தடிப்பு. அடுக்கு வகை பழைய சிங்கிள் கொயிலின் மணிச்சத்தத்துக்குக் கிட்ட நிற்கும். மேடையில் வாசிக்கும் தொடக்கக்காரருக்குப் பிரிட்ஜ் பக்கம் (தந்திகள் உடலில் பூட்டப்படும் பக்கம்) மட்டும் ஒரு ரெயில் போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். மூன்றையும் ஒரேயடியாக மாற்றக் காசைக் கொட்டவேண்டாம்.

நடுப் பிக்கப்பை மாற்றுபவர்களுக்கு ஒரு சொல். ஐந்து நிலைச் சுவிச்சில் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் நின்றுவிடுகிறது என்றால் உங்கள் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்க்காந்த வகை. புதியதையும் அதே வகையாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொன்று. நம் இசைக்குழுக்களிலும் தேவாலயங்களிலும் கிற்றாரை அம்பிளிபயர் இல்லாமல் நேரே மிக்சரில் குத்துவது வழக்கம். கிற்றார் அம்பிளிபயரின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹேர்ட்சுக்கு மேலுள்ள கீச்சுச் சத்தத்தைத் தானே குறைத்துவிடும். மேடைப் பெட்டிகள் குறைக்கா. ஆகவே நேரே மிக்சருக்குப் போகிறவர் கூர்மையான பிக்கப்பைத் தவிர்ப்பது நல்லது. சாதாரண லைன் உள்ளீட்டில் குத்தினால் பிக்கப் சோர்ந்துபோய்ச் சத்தம் மங்கும். இடையில் ஒரு டீஐ பெட்டியோ (கிற்றாரின் சைகையை மிக்சருக்கு ஏற்றதாக்கும் சிறு பெட்டி), பொஸ் பெடல் போல பவர் கொடுத்து வைத்த ஒரு பெடலோ இருந்தால் போதும். புதுப் பிக்கப் தேடி வரும் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். 9 வோல்ற் பற்றரியில் ஓடும் அக்ரிவ் பிக்கப்புக்கு இந்தச் சோர்வு இல்லை. ஆனால் பற்றரி முடிந்தால் கதை முடிந்தது. பொட்டுகளையும் 25 கிலோ ஓமுக்கு மாற்றவேண்டும். முதற்தடவைக்கு நான் சொல்லமாட்டேன்.

படி 4: அடிமட்டம்

பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஒரு சிறிய உலோக முளை தெரியும். முதலாம் தந்தியின் கீழுள்ள முளையின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் கீழுள்ள முளையின் நடுவரை அளவுங்கள். கிப்சன் வகைகளில் 49, 50 மில்லிமீற்றர் வரும். ஸ்ராற்றோகாஸ்ரர் வகைப் பிரிட்ஜில் 52 அளவில் வரும். ஹம்பக்கர்களில் இரண்டு அகலங்களும் விற்பனைக்கு உண்டு. ரெயில் வகைக்கு இந்தத் தலையிடி இல்லை. தகடு நீளமாக ஓடுகிறது. பிக்கப்பைக் கழற்றிக் குழியின் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுக்கு வகை சில உயரமானவை. எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

படி 5: காந்தம்

அல்னிக்கோ என்பது இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ற் சேர்ந்தது. அல்னிக்கோ 2 மென்மை, அல்னிக்கோ 5 கூர்மையும் பலமும் கூட. செராமிக் பெரும்பாலும் சூடான பிக்கப்புகளில் வரும். டிஸ்ரோர்ஷனுக்கு இறுக்கமாக இருக்கும். பழைய சினிமாப் பாட்டு, கீதங்கள் என்றால் அல்னிக்கோ. மலிவுக் கிற்றார்களில் செராமிக் வருவதால் செராமிக்கே மலிவு என்று ஒரு பேச்சு உண்டு. அது பிழை. 1970களின் தொடக்கத்தில் மாற்றுப் பிக்கப் சந்தையைத் திறந்துவிட்ட டிமார்சியோ கொம்பனியின் சூப்பர் டிஸ்ரோர்ஷன் பிக்கப்பும் செராமிக்தான்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் மூடி போட்டதைப் பாருங்கள். உப்புக் காற்றுக்கு இரும்பு முளைகள் சீக்கிரம் கறல் பிடிக்கும்.

படி 6: பொட்டும் வயரும்

பொட்டின் முதுகில் 250 அல்லது 500 என்று இருக்கும். சிங்கிள் கொயிலுக்கு 250, ஹம்பக்கருக்கு 500 என்பது வழமை. 250இல் ஹம்பக்கர் போட்டால் பழுதாகாது, கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். மிக்சருக்கு நேரே போகிறவருக்கு அதுவும் நல்லதே.

நான்கு வயர் உள்ள பிக்கப்பையே கேளுங்கள். நிறங்கள் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. சீமோர் டங்கனில் கறுப்பு சூட்டு வயர் (சத்தத்தை வெளியே கொண்டுபோகும் வயர்), சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த்துக்கு. டிமார்சியோவில் சிவப்பு சூட்டு வயர், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சையும் வெறும் கம்பியும் எர்த். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதைப் பூட்டினால் சத்தம் வராது, அல்லது நோஞ்சலாக வரும்.

படி 7: பூட்டும்போது

ஈயம் பிடித்துப் பழக்கம் இல்லாவிட்டால் ரேடியோ, ரிவி திருத்தும் கடையில் கொடுங்கள். பொட்டின் முதுகில் எர்த் ஒட்டுவதற்கு நல்ல சூடு வேண்டும். அவர்களுக்குக் கை பழகியிருக்கும். கொடுக்க முன்னம் ஒரு சோதனை: புதிய பிக்கப்பின் இரு முனைகளில் மீற்றரைப் பிடித்து, இரும்பு ட்றைவரால் முளைகளை மெல்லத் தொடுங்கள். இலக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். கிற்றாரில் இருக்கப்போகும் மற்றப் பிக்கப்புக்கும் மீற்றர் முனைகளை அதே ஒழுங்கில், சூட்டு வயரில் சிவப்பு, எர்த்தில் கறுப்பாகப் பிடித்து இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் போகவேண்டும். எதிர்ப்பக்கம் போனால் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது சத்தம் மெலிந்துவிடும். புதியதன் சூட்டு வயரையும் எர்த் வயரையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். வெறும் கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும்.

உயரம் வைக்கத் தந்திகளைக் கடைசிப் பிரெற்றில் அழுத்துங்கள். ஆறாம் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையில் 2.5 மில்லிமீற்றர், முதலாம் தந்திக்கு 2 என்று தொடங்கி, காதுக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். சிங்கிள் கொயிலை மிகவும் கிட்டக் கொண்டுபோனால் காந்தம் தந்தியை இழுத்து, நெக்கின் மேற்பகுதியில் சுரம் தளம்பும்.

கழற்றிய பழைய பிக்கப்பையும் அதன் ஸ்குறூ, ஸ்பிறிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எந்த இடத்துப் பிக்கப், எத்தனை கிலோ ஓம் என்று எழுதி வையுங்கள். கிற்றாரை விற்கும்போது வாங்குபவர் அதைக் கேட்பார்.