டெக்சாஸ் கவுண்டியில் கைதுப் பதிவைத் தேடியது: என் அனுபவம்

கைதான நண்பர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே நாட்கள் வீணாயின. டெக்சாஸில் ஒரு கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). ஷெரீஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகத் தளத்தில் கைதிகள் பட்டியலே கிடையாது. மாநிலச் சிறைத்துறைத் தேடலிலும் பெயர் இல்லை; தண்டனை பெற்று மாநிலச் சிறைக்குப் போனவர்கள்தான் அதில் வருவார்கள். காசு கேட்கும் தனியார் தளங்கள் பழைய தகவலையே காட்டின, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் ஷெரீஃப் அலுவலகத்துக்கே போன் செய்தேன். அங்கே சொந்தச் சிறை இல்லையாம். ஒப்பந்தப்படி பக்கத்துக் கவுண்டியில் வைக்கிறார்கள். சரி என்று அந்தக் கவுண்டியின் ஆன்லைன் பட்டியலில் தேடினால், அதிலும் பெயர் வரவில்லை.

சிக்கலின் வேர் பாஸ்போர்ட்டில் இருந்தது. நம்மில் பலருக்கு அதில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும்; முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (FNU, 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துவிடுவார்கள். சிறைப் பதிவும் அதே மாதிரிதான் இருந்தது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் அவர் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளை மட்டும் போட்டு, மற்றதைக் காலியாக விட்டேன். புக்கிங் எண் (சிறையில் கைதிக்குத் தரும் பதிவு எண்), ஜாமீன் தொகை, கைதான தேதி எல்லாம் வந்தன. எண்ணைக் கொடுத்ததும் வக்கீல் அன்றைக்கே ஜாமீன் வேலையைத் தொடங்கினார்.