பழைய நாற்சார் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் போன்ற வயற்பக்கத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் அறைகள் கொண்ட, திருத்தியெடுத்த பழைய நாற்சார் வீடொன்றில் காலைச் சாப்பாட்டோடு தங்க நினைத்தால், முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழை. ஓட்டுக்கூரை நேர்மழையைத் தாங்கும். காற்றோடு அடிக்கும் சாரல் ஓட்டிடுக்கால் உள்ளே வரும். பையை நிலத்தில் வைக்காமல் வாங்கில் வையுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

பதியும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். கழிப்பறை அறையோடு இருக்கிறதா, முற்றம் தாண்ட வேண்டுமா? கட்டிலுக்கு நுளம்பு வலை உண்டா? பிளக் உருண்டைக் காலா, சதுரக் காலா? பழைய வயரிங் என்றால் கேத்தலையும் அயனையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

சுவர்தான் இந்த வீடுகளின் உயிர். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். அடியில் வெள்ளையாக உவர் பூத்திருந்தால் அழுக்கென்று நினைத்துத் துடைக்காதீர்கள்; ஈரம் காயும்போது உப்பு வெளியே வருகிறது. சீமெந்து பூசிச் சுண்ணாம்புச் சுவரை மூடிய வீடுகளில் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு பாளம் பாளமாகக் கழரும். ஈரத் துவாயைச் சுவரில் சாத்தவேண்டாம், ஆணியும் அடிக்கவேண்டாம்.

கச்சான் என்ற வெப்பமான மேல்காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்குள் யன்னல்களைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறவுங்கள். தடித்த சுவர் இரவின் குளிரைப் பிடித்து வைக்கும். பகல் முழுக்கத் திறந்து விட்டால் அனல் உள்ளே ஏறி, இரவில் விசிறியும் சூட்டைத்தான் அள்ளி வீசும்.

மழைக்கு ஊதிய கதவை இழுத்து அடிக்காதீர்கள். கைபிடியைச் சற்று மேலே தூக்கித் தள்ளினால் தாழ்ப்பாள் தானாக விழும். சிவப்புச் சீமெந்துத் தரை ஈரத்தில் வழுக்கும், மணலில் கீறும். கால் கழுவி, துடைத்து ஏறுங்கள். சீலிங் இல்லாத அறைகளில் பேச்சு சுவருக்கு மேலால் அடுத்த அறைக்குப் போகும்.

கிணற்றில் குளிக்கும்போது சவர்க்காரம் நுரைக்காவிட்டால் தண்ணீர் கடினநீர். அது உவர்ப்பாகவும் இருந்தால், கொதிக்கவைத்தாலும் உவர்ப்புப் போகாது. குடிக்க வேறு தண்ணீர் கேளுங்கள்.

பிட்டா இடியப்பமா என்று முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். மாவறுத்துக் குழைக்க நேரம் வேண்டும். எருமைத் தயிர் கிடைத்தால் முட்டியோடு வாங்குங்கள். மண்முட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் கெட்டியாக நிற்கும்.