காக்பிட் படத்தை வைத்துப் பழைய விமானத்தை அடையாளம் காணும்போது எங்கே சறுக்குகிறோம்

காக்பிட் படம் கையில் கிடைத்ததும் கண் நேராக டயல்களுக்குத்தான் போகும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை ஆறு கருவிகளை ஒரே பலகையில் அடுக்கித் தரப்படுத்தியது. மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்க வேகம் காட்டும் கருவி. கீழ் வரிசையில் உயரமானி, திசை ஜைரோ, திருப்பமும் சரிவும் காட்டும் கருவி. இதே பலகை இரண்டாம் உலகப் போர்க் காலப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் உண்டு, ஹரிக்கேனில் உண்டு, நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரிலும் உண்டு. அதைப் பார்த்து விமானத்தின் பெயரைச் சொல்வது, மின்சார மீட்டரைப் பார்த்து வீடு யாருடையது என்று சொல்வதைப் போன்றது.

அதோடு, டயல் என்பது சில திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பொருள். அருங்காட்சியக விமானங்களில் காலியான துளைகளைக் கிடைத்த கருவியால் நிரப்பியிருப்பார்கள். இன்றும் பறப்பவற்றில் புதிய ரேடியோவும், தரை ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரும் இருக்கும். எனவே எளிதில் கழற்ற முடியாததை முதலில் பாருங்கள்: உடற்சட்டம், கண்ணாடிச் சட்டம், கதவு, சக்கரங்களை ஏற்றி இறக்கும் நெம்புகோல் இருக்கும் இடம், ஸ்டிக் எனப்படும் கட்டுப்பாட்டுத் தண்டின் மூட்டு.

வளையக் கைப்பிடி கொண்ட ஸ்டிக் தெரிந்தால் உடனே "ஸ்பிட்ஃபயர்" என்பது அடுத்த சறுக்கல். ஹரிக்கேனிலும் அதே வளையம்தான். இரண்டையும் பிரிப்பவை வேறு. ஹரிக்கேனில் பக்கவாட்டில் உலோகக் குழாய்ச் சட்டம் தெரியும். வலப்புறம் H வடிவப் பள்ளத்தில் ஓடும் ஒரே நெம்புகோல் சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பகுதி) இயக்கும். ஸ்பிட்ஃபயரில் சக்கர நெம்புகோல் வலப்புறம் தனியாக இருக்கும்; ஃபிளாப் கட்டுப்பாடு கருவிப் பலகையின் இடது மேல் பகுதியில் இருக்கும்; இடப்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும் சிறு கதவு உண்டு.

இரட்டை எஞ்சின் பிரிட்டிஷ் விமானமான மஸ்கிட்டோவில் கைப்பிடியே வகையைச் சொல்லிவிடும். குண்டுவீச்சு வகைக்கு ஸ்டியரிங் போன்ற அரைச் சக்கரம்; எஃப்பி 6 போன்ற போர் வகைக்கு ஸ்டிக். இரண்டிலும் விமானி இடப்புறமும், வழிகாட்டி வலப்புறம் சற்றுப் பின்னாலும் அமர்வார்கள்.

நெம்புகோல்களை எண்ணி எஞ்சின்களின் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். ஒற்றை எஞ்சினுக்கே திராட்டில் (எஞ்சின் விசைக் கட்டுப்பாடு), புரொப்பெல்லர், கலவை (எரிபொருள்-காற்று விகிதம்) என மூன்று இருக்கலாம். ஒரே மாதிரியான பிடிகள் எத்தனை என்று எண்ணுங்கள். அமெரிக்க நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான பி-17இன் திராட்டில் தனி ரகம்: ஏணிப்படி போல மூன்று அடுக்குக் குறுக்குப் பிடிகள் அமைந்து, வெளி எஞ்சின்களை மட்டுமோ, உள் எஞ்சின்களை மட்டுமோ, நான்கையும் சேர்த்தோ ஒரே கையால் தள்ள வழி தரும். அது படத்தில் தெரிந்தால் வேறு சான்று அநேகமாகத் தேவையில்லை.

அலகுகள் நல்ல துப்பு. எஞ்சின் உள்ளிழுப்பு அழுத்தத்தை பிரிட்டிஷ் விமானம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டில் காட்டும், அமெரிக்க விமானம் பாதரச அங்குலத்தில், ஜெர்மன் விமானம் 'ஆட்டா' என்ற வளிமண்டல அழுத்த அலகில். ஆனால் அலகும் பலகை மொழியும் யார் பறக்கவிட்டார் என்பதைத்தான் முதலில் சொல்கின்றன, யார் வடிவமைத்தார் என்பதை அல்ல. ஸ்பானிய எழுத்து உள்ள காக்பிட், ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109இன் ஸ்பானிய வாரிசான புச்சோனாக இருக்கலாம். பிரெஞ்சு எழுத்து இருந்தால், ஜெர்மன் விமானமான ஃபீசலர் ஸ்டோர்க்கை பிரான்சில் கட்டிய மொரான் எம்எஸ் 500ஆக இருக்கலாம். அமெரிக்க விமானமான கர்டிஸ் ஹாக் 75 இன்னும் சிக்கல். பிரான்ஸ் கேட்டபடி மீட்டர் அளவுக் கருவிகளோடு, திராட்டிலும் எதிர்த்திசையில் இயங்கும்படி கட்டப்பட்டவை, 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பின் பிரிட்டனுக்கு வந்து, 'மோஹாக்' என்ற பெயரில் பிரிட்டிஷ் கருவிகள் மாட்டப்பட்டு, இந்திய, பர்மா வான்வெளியில் பறந்தன. ஒரே விமானத்துக்கு இரண்டு முகம்!

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் போர் விமானமான டெம்பஸ்ட் 5க்கு நீர்மம் குளிர்விக்கும் சேபர் எஞ்சின், ஆகவே ரேடியேட்டர் வெப்பமானி உண்டு. இந்திய விமானப்படை வைத்திருந்த டெம்பஸ்ட் 2க்கு காற்று குளிர்விக்கும் சென்டாரஸ். அதில் ரேடியேட்டருக்கு வேலையே இல்லை.

இல்லாத பொருளும் ஏமாற்றும். பயிற்சி விமானமான டைகர் மாத் படத்தில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் காணோம் என்றால் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பொருளல்ல. அது காக்பிட்டுக்கு வெளியே, விளிம்போரம் இருக்கிறது. இரண்டு இருக்கை விமானத்தில் எந்த இருக்கையின் படம் என்பதையும் கேளுங்கள். டைகர் மாத்தில் தனியாகப் பறப்பவர் பின்னிருக்கையில் அமர்வார், இன்னொரு பயிற்சி விமானமான சிப்மங்கில் முன்னிருக்கையில்.

நிறத்தை நம்ப வேண்டாம். புதுப்பித்தவர் அடித்த பெயின்ட் அது. சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும். இன்னொன்று, நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்கள் ஏராளம். ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் வழக்கமாக இடப்புறம் இருக்கும் திராட்டில் வலப்புறம் தெரிந்தால், எண்களைப் பெரிதாக்கிப் படித்துப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

உரிமையாளரை அணுக முடிந்தால் உதிரிபாக எண்ணின் நெருக்கப் படம் கேளுங்கள். கருவியின் முகத்தில் உள்ள, 6ஏ எனத் தொடங்கும் எண் கிடங்கு எண். அது கருவியை மட்டுமே சொல்லும். சட்டத்திலும் வார்ப்புப் பாகங்களிலும் உள்ள முன்னெண்தான் விமானத்தைச் சொல்லும்: மஸ்கிட்டோவுக்கு 98, ஸ்பிட்ஃபயர் மார்க் 1க்கு 300, மார்க் 5க்கு 349, மார்க் 9க்கு 361. இங்கேயும் ஒரு பொறி உண்டு. முதல் மாடலுக்கு வரைந்த பாகங்கள் பின்வந்த மாடல்களிலும் தொடர்ந்தன. ஆகவே 300 கிடைத்ததால் மார்க் 1 ஆகிவிடாது. பல பாகங்களைப் பார்த்து, அவற்றில் மிகப் பிந்தைய மாடலின் எண்ணுக்கே எடை கொடுங்கள். அதுவும் ஒரே ஒரு பாகத்தில் மட்டும் இருந்தால், பிறகு மாற்றிப் பொருத்தியதாக இருக்கலாம்.

கடைசியாக, ஒப்பிடும் படம் எது என்பதில் கவனம் வேண்டும். புதுப்பித்த வேறொரு விமானத்தின் வண்ணப் படத்தோடு ஒப்பிட்டால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று உறுதி செய்துகொள்ளும். அக்காலத்து விமானிக் கையேட்டில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எண்ணிட்ட காக்பிட் படங்கள் இருக்கின்றன. ஸ்பிட்ஃபயர் மார்க் 9க்கான கையேடு ஏ.பி. 1565ஜே. அதை ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு நெம்புகோலாகச் சரிபாருங்கள். பொருந்தாத ஒன்றைக்கூடத் தள்ளிவிடாமல் குறித்து வையுங்கள். அரிய வகைகள் பெரும்பாலும் அந்தப் பொருந்தாத இடத்தில்தான் பிடிபடும்.