'லைட்'டுக்கு எதிர்ச்சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் 'லைட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால், பலர் யோசிக்காமல் 'டார்க்' என்று எழுதிவிடுகிறார்கள். மனப்பாடமான ஜோடி அது. ஆனால் வாக்கியத்தில் இருப்பது 'லைட் பாக்ஸ்', அதாவது தூக்க இலேசான பெட்டி என்றால், விடை 'ஹெவி'. வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதன் பிள்ளைகள்.

வெளிச்சத்தைக் குறிக்கும் லைட்டும் எடைக்குறைவைக் குறிக்கும் லைட்டும் வேரிலேயே வெவ்வேறு சொற்கள். காலப்போக்கில் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டன. அதன் உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் அவை தனித்தனிச் சொற்கள்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எதிர்ச்சொல்லைத் தேடினால் கிடைக்காது.

சரி, எடை என்று தெரிந்துவிட்டால் எல்லா இடத்திலும் 'ஹெவி' போடலாமா? இங்கேதான் நன்றாகப் படிப்பவர்களும் சறுக்குகிறார்கள். 'லைட் ரெய்ன்' என்ற தூறலுக்கு எதிர் 'ஹெவி ரெய்ன்'. ஆனால் மெல்லிய காற்றான 'லைட் விண்ட்'டுக்கு எதிர் 'ஸ்ட்ராங் விண்ட்'. மழையை ஸ்ட்ராங் என்றாலும் காற்றை ஹெவி என்றாலும் காதில் இடறும். தூக்கத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு: 'லைட் ஸ்லீப்'புக்கு எதிர் 'டீப் ஸ்லீப்', சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும் 'லைட் ஸ்லீப்பர்'க்கு எதிராகப் பெரும்பாலும் சொல்வது 'ஹெவி ஸ்லீப்பர்'. தண்டனை என்றால் 'சிவியர்' நன்றாகப் பொருந்தும். எதிர்ச்சொல்லை முடிவு செய்வது பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்தான். அதனால் இவற்றை ஜோடியாக அல்ல, சொற்றொடராகவே படிப்பது நல்லது.

அடுத்தது சொல்வகை. பெயர்ச்சொல்லாக வரும் வெளிச்சத்துக்கு எதிர் 'டார்க்னெஸ்'. 'தி டார்க்' என்றும் வரும். வெளிர்பச்சையான 'லைட் கிரீன்' பெயரடை, அங்கே 'டார்க்' போதும். வினைச்சொல்லாக, மெழுகுவர்த்தியை ஏற்றுவது என்ற பொருளில் வந்தால், எதிரும் வினையாகவே இருக்க வேண்டும்: 'புட் அவுட்' அல்லது 'எக்ஸ்டிங்க்விஷ்'. அங்கே 'ஸ்விட்ச் ஆஃப்' எழுதாதீர்கள். அது மின்விளக்குக்கு உரியது.

அப்புறம், அகராதியில் 'ஹெவி'க்கு இணையாக 'வெயிட்டி' இருக்கிறதே என்று மாற்றிப் போடுவதும் ஆபத்து. 'வெயிட்டி' பெரும்பாலும் முக்கியமான, கனமான விஷயங்களுக்கு வரும், மழைக்கு ஒட்டாது.

எழுதிய விடையை அதே வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வேறெதையும் மாற்றாமல் பொருள் நேரெதிராகத் திரும்பினால் விடை சரி. 'லைட் கோட்' என்று மட்டும் கேட்டு, நிறமா எடையா என்று சொல்லாமல் விட்டிருந்தால் கேள்வியிலேயே குறை இருக்கிறது. அப்போது இரண்டையும் எழுதி, எது எந்தப் பொருளுக்கு என்று குறித்துவிடுங்கள்.