ஒரு கோளின் வெப்பநிலையை நாமே கணக்கிடுவது எப்படி?

போன மாதம் அண்ணன் மகள் பாடப்புத்தகத்தோடு வந்தாள். "சூரியனுக்குப் பக்கத்துல இருக்கறது புதன். ஆனா வெள்ளிதான் ரொம்பச் சூடுன்னு போட்டிருக்கு. எப்படி அத்தை?"

வெள்ளியின் காற்று மண்டலம்தான் காரணம் என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "காற்றே இல்லேன்னா எவ்வளவு இருந்திருக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக் கணிதம் தெரிந்தால் போதும், யாரும் செய்யலாம். நான் சிக்கிக்கொண்ட இடங்களில் நீங்களும் சிக்காமல் இருக்க, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத்தான் சொல்வேன். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். போனில் செய்வதென்றால் கூகுள் ஷீட்ஸ். பைத்தான் போன்ற நிரல்மொழியில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எட்டு வரிக் கணக்கில் எல்லா எண்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் தப்பு எங்கே என்று பிடிபடும்.

எண்களை நாசாவின் கோள் தகவல் அட்டவணைகளிலிருந்து எடுங்கள். ஒன்றை இங்கிருந்தும் இன்னொன்றை அங்கிருந்தும் எடுத்துக் கலக்க வேண்டாம்.

படி 1: பத்திகளை நிரப்புதல்

ஏ, பி என்று நான் எழுதுவதெல்லாம் ஷீட்டின் மேலே இருக்கும் ஆங்கில எழுத்துகளை. ஏ பத்தியில் பெயர். பி பத்தியில் சூரியனிலிருந்து தூரம். பூமியின் தூரத்தை 1 என்று வைத்து மற்றவற்றை அதன் மடங்காக எழுதுகிறோம், கிலோமீட்டர் வேண்டாம். சி பத்தியில் ஆல்பெடோ, அதாவது விழும் வெளிச்சத்தில் எவ்வளவு பங்கு திரும்பிப் போகிறது என்பது.

புதன்: 0.387, 0.068
வெள்ளி: 0.723, 0.77
பூமி: 1, 0.306
நிலா: 1, 0.11
செவ்வாய்: 1.524, 0.25
வியாழன்: 5.203, 0.343

அட்டவணைகளில் இரண்டு விதமான ஆல்பெடோ இருக்கும். நமக்கு வேண்டியது பாண்ட் ஆல்பெடோ. எல்லாத் திசையிலும் திரும்பிப் போகும் மொத்த வெளிச்சத்தை அது கணக்கில் எடுக்கிறது. ஜியோமெட்ரிக் ஆல்பெடோ என்று இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தால் கோள் எவ்வளவு பிரகாசம் என்பதுதான் அது. வெள்ளிக்கு அந்த எண் 0.689. அதைப் போட்டால் விடை 17, 18 டிகிரி தள்ளிப் போய்விடும்.

படி 2: சூத்திரம்

ஒரு கோள் சூரியனிடமிருந்து வாங்கும் வெப்பமும் அது விண்வெளிக்கு வெளியேற்றும் வெப்பமும் சமமாக இருக்க வேண்டும். வாங்குவது அதிகமென்றால் கோள் சூடாகிக்கொண்டே போகும், சூடாகச் சூடாக வெளியேற்றுவதும் கூடும், ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அந்தச் சமநிலை வெப்பநிலையைத்தான் தேடுகிறோம். சூடான பொருள் வெளிவிடும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது ஸ்டீபன்–போல்ட்ஸ்மான் விதி. அதனால் கடைசியில் நான்காம் மூலம் எடுக்கிறோம்.

டி2 கட்டத்தில் இதைத் தட்டுங்கள், விடை கெல்வினில் வரும்:

=(1361*(1-சி2)/(4*0.0000000567*பி2^2))^(1/4)

1361 என்பது பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வந்து விழும் சூரிய ஆற்றல், வாட்டில். 0.0000000567 என்பது ஸ்டீபன்–போல்ட்ஸ்மான் மாறிலி. புள்ளிக்கும் 5க்கும் நடுவில் ஏழு பூஜ்யம், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் எல்லா வரியும் நிரம்பிவிடும்.

கடைசியில் இருக்கும் (1/4) என்பதன் அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். பூமியின் வெப்பநிலை 104 கோடி கெல்வின் என்று வந்தது. தூரத்தை மாற்றினேன், மாறிலியை மாற்றினேன், பூஜ்யங்களை மூன்று முறை எண்ணினேன். ஒரு மாலை முழுக்க அதிலேயே போயிற்று. நடந்தது இதுதான்: ^1/4 என்று எழுதினால் ஷீட் முதலில் ^1 என்பதைச் செய்யும், அது எதையும் மாற்றாது. அப்புறம் விடையை 4ஆல் வகுக்கும். நான்காம் மூலம் எடுக்கப்படவே இல்லை. உங்களுக்குக் கோடிக்கணக்கில் விடை வந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் இதைப் பாருங்கள்.

படி 3: அந்த 4 எங்கிருந்து வந்தது?

சூத்திரத்தை அப்படியே தட்டினால் விடை வந்துவிடும். ஆனால் 4 ஏன் என்று புரியாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. அதை விட்டுவிட்டுப் போட்டால் பூமிக்கு 86 டிகிரி செல்சியஸ் வருகிறது, அவ்வளவு பெரிய வித்தியாசம்.

கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து வாருங்கள். கூடியவரை உருண்டையாக இருக்கட்டும். அதைப் பாதியாக நறுக்கி, வெட்டிய பக்கத்தைத் தாளில் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலால் வரையுங்கள். அதே அளவில் ஆறு வட்டம் வரைந்துகொள்ளுங்கள். இப்போது இரண்டு பாதியின் தோலையும் உரித்து, சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, இடைவெளி இல்லாமல் ஒவ்வொரு வட்டமாக நிரப்புங்கள். நாங்கள் சமையல் மேடையில் செய்தோம். நான்காவது வட்டத்தின் ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு இடம் மிச்சமிருந்தபோது தோல் தீர்ந்துவிட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் வெறுமையாகவே இருந்தன. அவள் அந்த மிச்ச இடத்தைக் காட்டி, "கிள்ளும்போது ஓரம் மடங்கிடுச்சு, அதான்" என்றாள்.

வெயில் ஒரு கோளின் மீது விழும்போது அது மறைக்கும் இடம் ஒரு வட்டம், அதன் நிழல் அளவு. அந்த ஒரு வட்டத்தில் பிடித்த வெயிலைத்தான் நான்கு வட்டம் அளவுள்ள தோல் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. பகல் பக்கம் மட்டும் வாங்கினாலும் இரவுப் பக்கமும் சேர்ந்தே வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே 4ஆல் வகுக்கிறோம்.

படி 4: செல்சியஸுக்கு மாற்றுதல்

ஈ2 கட்டத்தில் =டி2-273.15. பூமிக்கு −19 வர வேண்டும். வெள்ளிக்கு −46 அல்லது −47. செவ்வாய்க்கு −63. இவை வந்துவிட்டால் உங்கள் ஷீட் சரி.

வெள்ளிக்கு −46! புதனை விட்டுவிடுங்கள், பூமியைவிடவே குளிர்ச்சியாக வருகிறது. நான் தப்பென்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை. வெள்ளியை மூடியிருக்கும் கந்தக அமில மேகங்கள் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சூரியனுக்கு அருகில் இருந்தும், சராசரியாகச் சதுர மீட்டருக்கு வெள்ளி உறிஞ்சுவது 150 வாட், பூமி உறிஞ்சுவது 236 வாட். நம்மைவிடக் குறைந்த வெயிலை வாங்கிக்கொண்டுதான் அது அப்படிக் கொதிக்கிறது.

படி 5: அளந்ததோடு ஒப்பிடுதல்

இதுதான் முக்கியமான படி. எஃப் பத்தியில் உண்மையில் அளந்த சராசரி, ஜி பத்தியில் =எஃப்2-ஈ2.

பூமியின் சராசரி 15. வித்தியாசம் 34 டிகிரி. வெள்ளியின் தரை 464. வித்தியாசம் 510 டிகிரி. 1970 டிசம்பர் 15 அன்று சோவியத் ஒன்றியத்தின் வெனேரா 7 தரையிறங்கி அங்கிருந்தே வெப்பநிலையை அனுப்பியது. இன்னொரு கோளின் தரையிலிருந்து நமக்கு வந்த முதல் சேதி அது. செவ்வாயில் அளந்ததும் ஏறக்குறைய −63, அதாவது வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை.

அண்ணன் மகள் கேட்டதற்கு இந்த ஜி பத்திதான் பதில். காற்று இல்லையென்றால் எவ்வளவு என்பது ஈ பத்தி, காற்று சேர்த்துக் கொடுத்தது ஜி பத்தி. (உண்மையில் காற்றே இல்லையென்றால் மேகமும் இருக்காது, ஆல்பெடோவும் மாறிவிடும். அதை இப்போதைக்கு விடுவோம்.)

செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு, வெள்ளியில் 96.5 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, வெள்ளியினுடையது 90 மடங்குக்கும் மேல். எவ்வளவு பங்கு என்பதைவிட மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

புதனையும் நிலாவையும் இந்தப் படியில் சேர்க்காதீர்கள். புதனுக்குக் கணக்கில் 166 வரும். அங்கே பகலில் 430 வரை ஏறும், இரவில் −180க்கு இறங்கும். 166 என்று சொல்லி என்ன பயன்? நிலாவுக்கு −3 வரும், அதுவும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட்டில் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதும் சாஸ்டே என்ற கருவியை மண்ணுக்குள் செருகியது. மேலே சுமார் 50 டிகிரி, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் −10. ஒரு விரல் நீளத்துக்குள் 60 டிகிரி! வெப்பத்தைச் சுமந்து பரப்பக் காற்று இல்லாத இடத்தில் சராசரி எதையும் சொல்வதில்லை.

படி 6: போர்வை போடுதல் (விரும்பினால்)

வெயிலை உள்ளே விட்டு, தரையிலிருந்து வரும் வெப்பத்தை மட்டும் முழுதாக உறிஞ்சி, பாதியை மேலேயும் பாதியைக் கீழேயும் அனுப்பும் ஒரு போர்வையைக் கற்பனை செய்யுங்கள். அப்போது டி பத்தி எண்ணை 2^(1/4)ஆல் பெருக்க வேண்டும். பூமிக்கு 29 டிகிரி வரும். உண்மை 15 என்பதால் நம் போர்வை ஓட்டைப் போர்வை. தரையின் வெப்பத்தில் 79 சதவீதம் உறிஞ்சுகிறது என்று வைத்தால் 15 கிடைக்கும்.

போர்வைகளின் எண்ணிக்கையோடு 1 கூட்டி நான்காம் மூலம் எடுத்தால் பல போர்வைகளுக்கும் கணக்குப் போடலாம். வெள்ளிக்கு எத்தனை வேண்டும் என்று பார்த்தேன். சுமார் 111.

பின்னர் சேர்த்தவை

ஜெர்மனியில் இருக்கும் ஒரு வாசகருக்கு எல்லாக் கட்டத்திலும் பிழைச் செய்தி வந்திருக்கிறது. அங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள், அதனால் ஷீட் நம் புள்ளியை ஏற்கவில்லை. அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

இன்னொருவர் சனியின் துணைக்கோள் என்செலடஸுக்குப் போட்டுப் பார்த்து, விடையே வரவில்லை என்று எழுதியிருந்தார். அவர் போட்ட ஆல்பெடோ 1.38. அது ஜியோமெட்ரிக். பனி மூடிய என்செலடஸ் வெளிச்சத்தை வந்த திசையிலேயே பலமாகத் திருப்பி அனுப்புவதால் அந்த எண் 1ஐத் தாண்டும். நம் சூத்திரத்தில் போட்டால் மைனஸ் எண்ணுக்கு நான்காம் மூலம் கேட்டதாகிவிடும். பாண்ட் ஆல்பெடோ 0.81, அதைப் போடுங்கள்.

வியாழனுக்குத் தரை கிடையாது, எஃப் பத்தியில் என்ன போடுவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது வெளிவிடும் வெப்பத்திலிருந்து கணக்கிட்ட −149ஐப் போடுங்கள். ஈ பத்தியில் −163 இருக்கும். இந்த 14 டிகிரியைப் பசுமை இல்ல விளைவு, அதாவது காற்று வெப்பத்தைப் பிடித்துவைப்பது, என்று எழுதிவிடாதீர்கள். வியாழன் உருவானபோது உள்ளே சேர்ந்த வெப்பம் இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது. காசினி விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2018இல் வியாழனின் ஆல்பெடோவை 0.503 என்று திருத்தினார்கள். அதைப் போட்டால் வித்தியாசம் 22 டிகிரியாகக் கூடும். என் ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரி வைத்திருக்கிறேன்.

கடைசியாக டைட்டன், சனியின் இன்னொரு துணைக்கோள். தூரம் சனியினுடையதுதான், 9.58. ஆல்பெடோ 0.27 என்று வைத்தால் 83 கெல்வின் வரும். 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கி அளந்தது ஏறக்குறைய 94. ஆக ஜி பத்தியில் 11. அங்கே நைட்ரஜனும் மீத்தேனும் சேர்ந்து தரையைச் சுமார் 21 டிகிரி சூடாக்குகின்றன. மேலே இருக்கும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டமோ வெயிலை மேலேயே உறிஞ்சிக்கொண்டு தரையைச் சுமார் 9 டிகிரி குளிர்விக்கிறது. இரண்டும் போக மிச்சம்தான் நம் ஷீட்டில் தெரிகிறது. அண்ணன் மகள் அந்தக் கட்டத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம் பூசி வைத்திருக்கிறாள்.