தூக்கத்திற்கு ஏற்ற ஒலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் இரண்டு மூன்று இரவுகளில், விளக்கை அணைத்துப் படுத்த பிறகு எந்த ஒலியையும் ஓடவிடாமல் அறையை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். தூக்கத்திற்கு ஒலி தேடுபவர்களில் பலர் நேராக ஒரு செயலியைத் திறந்து மழை, கடல், புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். தம்மைத் தூங்கவிடாதது எது என்று தெரியாமல் செய்யும் அந்தத் தேர்வு ஒரு வாரத்திற்கு மேல் நிலைப்பது அரிது. விட்டுவிட்டுக் கடந்து செல்லும் வண்டிகளா, சுவருக்கு அப்பால் கேட்கும் பேச்சா, நாயின் குரைப்பா, அல்லது வெளியே சத்தமே இல்லாதபோதும் மனத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் நாளைய வேலையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வெளிச்சத்தத்தை மூட வேண்டியவருக்கு ஒரு வகை ஒலி உதவும். உள்ளே ஓடும் எண்ணத்திலிருந்து விலக வேண்டியவருக்கு வேறு வகை உதவும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் காணும் தவறு.

தூங்கும்போதும் நமது காது வேலையை நிறுத்துவதில்லை. தூங்குபவரின் அருகே பல பெயர்களை ஒலிக்கவிட்டபோது, அவருடைய சொந்தப் பெயருக்கு மட்டும் மூளையின் மின்னலைகள் கூடுதலாக அசைந்ததை 1960இல் வெளியான ஓர் ஆய்வே பதிவு செய்திருக்கிறது. வந்து சேரும் ஒலிகளை மூளை இரவு முழுவதும் சலித்துக்கொண்டே இருக்கிறது. பழகிய, மாறாத ஒலியைக் கடந்துபோக விட்டுவிட்டு, புதிதாகவோ திடீரென்றோ வருவதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு மின்விசிறியின் இரைச்சலில் அயர்ந்து தூங்குபவர், அதைவிட மெல்லிய ஒரு கதவின் கிரீச்சொலிக்கு விழித்துவிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இரண்டு அளவுகளைத் தனித்தனியே சொல்கின்றன: படுக்கையறையில் தொடர்ந்து நிலவும் சத்தம் 30 டெசிபலையும், இடையிடையே எழும் தனிச்சத்தம் 45 டெசிபலையும் தாண்டாமல் இருக்க வேண்டும். பின்னணிக்கும் திடீர்ச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குத் தூக்கம் கலையாமல் இருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் உரைகல் ஒன்றுதான்: காது எதற்காகவும் காத்திருக்க வேண்டாத ஒலியே தூக்கத்திற்கு ஏற்றது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மழை ஒலிப்பதிவால். கேட்பதற்கு மிக இனிமையான பதிவு அது. அடர்ந்து பெய்யும் மழை, தொலைவில் நீரோடும் ஓசை. மூன்றாம் இரவில்தான், தகரத்தின் மேல் கனமான ஒரு சொட்டு விழுவதைக் கவனித்தேன். சிறிது நேரம் கழித்து அதே சொட்டு, அதே அழுத்தத்தில், அதே இடத்தில் மீண்டும் விழுந்தது. ஒரு நிமிடத்திற்கும் குறைவான துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒட்டி எட்டு மணி நேரப் பதிவாக ஆக்கியிருந்தார்கள். அதன்பின் மழை என் காதில் விழவே இல்லை. அடுத்த சொட்டு எப்போது விழும் என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். ஆகவே எந்த ஒலிப்பதிவையும் இரவில் சோதிக்காமல், பகலில் பத்து நிமிடம் இயர்போனில் உன்னிப்பாகக் கேளுங்கள். ஒரே பறவை ஒரே இடைவெளியில் கூவுகிறதா, ஒட்டிய இடத்தில் சிறு வெட்டு கேட்கிறதா, இடி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். எட்டு மணி நேரம் என்று தலைப்பில் எழுதியிருப்பது எட்டு மணி நேரம் பதிவு செய்யப்பட்டது என்பதற்கு உறுதியாகாது.

வெளிச்சத்தத்தை மூடுவதே உங்கள் தேவை என்றால், இரைச்சல் வகைகளிலிருந்து தொடங்குவது நல்லது. ‘ஒயிட் நாய்ஸ்’ எனப்படும் வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும், அதாவது தாழ்ந்த உறுமல் முதல் உயர்ந்த கீச்சொலி வரை, சம வலிமையில் கலந்திருக்கும். நிலையம் கிடைக்காத பழைய வானொலியின் ‘உஸ்’ என்ற ஓசையை நினைத்துக்கொள்ளலாம். மனிதக் காதின் கூர்மை வினாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில் மிகுதியாக இருப்பதால், இந்த இரைச்சல் பலருக்கு உறுத்தலாகக் கேட்கும். இளஞ்சிவப்பு இரைச்சலில் அதிர்வெண் இரு மடங்காகும்போது வலிமை பாதியாகக் குறைகிறது. அதனால் அது சீராகப் பெய்யும் மழையைப்போல் மென்மையாக இருக்கும். பழுப்பு இரைச்சலில் அந்தக் குறைவு நான்கில் ஒரு பங்கு வரை போவதால், தொலைவிலுள்ள அருவியின் ஆழ்ந்த முழக்கம் மட்டுமே எஞ்சும். பழுப்பு என்ற பெயர் நிறத்தால் வந்ததல்ல. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஒழுங்கற்ற அசைவை விவரித்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனின் பெயரிலிருந்து வந்தது.

எந்த நிறம் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தச் சத்தத்தை மூட வேண்டும் என்று கேட்பதே பயன் தரும். ஒரு சத்தத்தை மறைக்க வேண்டுமானால், மறைக்கும் ஒலி அதே அதிர்வெண் பகுதியில் இருக்க வேண்டும். பேச்சொலியும் பாத்திரங்கள் மோதும் ஓசையும் மேல் பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு இளஞ்சிவப்போ வெள்ளையோ பொருந்தும். கனரக வண்டிகளின் உறுமலுக்குப் பழுப்பு பொருந்தும். பழுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் கீழ் அதிர்வெண்களைச் சரியாக எழுப்ப முடியாது. அதில் கேட்டால் பழுப்பின் ஆழம் போய் வெறும் சலசலப்புதான் மிஞ்சும். கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றில் கேட்டுப் பார்க்காமல் அதை ஒதுக்கிவிட வேண்டாம். அதேபோல், மிகவும் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்புகளில் இரைச்சல் ஒலி நீரில் குமிழியிடுவதுபோல் நெளிந்து கேட்கும். செயலியே நேரடியாக உருவாக்கும் இரைச்சலில் அந்தக் குறை இருக்காது, துண்டை ஒட்டிய தடமும் இருக்காது.

இயற்கை ஒலிகளில் இடைவிடாத மழையும் ஓடை நீரும்தான் என் முதல் பரிந்துரை. கடல் அலைகள் வேறு விதமானவை. ஓர் அலை எழுந்து சரிய பத்து முதல் பன்னிரண்டு வினாடிகள் எடுத்துக்கொள்ளும் பதிவாக இருந்தால், நிமிடத்திற்கு ஐந்தாறு முறை மூச்சுவிடும் நிதானத்திற்கு அது நம்மை மெல்ல இழுத்துச் செல்லும். மனப்பரபரப்பு உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு அலைகளுக்கு இடையே ஒலி தாழ்ந்துவிடுவதால், வெளிச்சத்தம் அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். பறவைக் குரல்களும் இடியும் கலந்தவற்றைப் பகல் ஓய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இசையை நாடுபவர்கள், நிமிடத்திற்கு 60 முதல் 80 தட்டுகளுக்குள் நடக்கும், சொற்கள் இல்லாத, மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே முடியும் இசையைத் தேட வேண்டும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கக் குறைபாடு உள்ள மாணவர்கள் மூன்று வாரங்கள் படுக்கும்போது 45 நிமிடம் அமைதியான செவ்வியல் இசையைக் கேட்டபோது, அவர்களது தூக்கத்தின் தரம் உயர்ந்தது. ஆனால் மனத்துக்குப் பிடித்த பாடல்தான் தூங்கவைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நன்கு தெரிந்த பாட்டில் அடுத்த அடி என்ன என்பதை மனம் முன்கூட்டியே பாடத் தொடங்கிவிடும். நின்ற பிறகும் அது உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். 2021இல் நடந்த ஓர் ஆய்வில், பிரபலமான பாடல்களின் சொற்களை நீக்கி இசைக்கருவியில் மட்டும் வாசித்த வடிவங்களே, சொற்களோடு கூடிய பாடல்களைவிட அதிகமாகத் தலைக்குள் ஒட்டிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்தன. விடுபட்ட சொற்களை மனம் தானே நிரப்ப முயல்வது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே உங்களுக்கு முன்பின் தெரியாத, முணுமுணுக்க இடம் தராத, ஒரே சுருதியில் நீளும் இசையைத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணங்கள் ஓயாதவர்களுக்கு ஒரு மனிதக் குரல் இரைச்சலைவிட நன்றாக உதவுவதுண்டு. மனத்துக்குப் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்தால், அது தன் கவலையைச் சிறிது நேரம் விட்டுவிடும். இங்கே தேர்வு நுட்பமானது. கதையின் முடிவு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாசிப்பவரின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் தாழ்ந்து ஒலிக்க வேண்டும். நடுவே சிரிப்போ இசைத்துணுக்கோ வரக் கூடாது. செய்தியும் விவாதமும் இதற்கு ஆகவே ஆகா. கிசுகிசுப்பும் தட்டலும் நிறைந்த ஏஎஸ்எம்ஆர் பதிவுகள் சிலரது உச்சந்தலையில் இதமான சிலிர்ப்பை எழுப்பும். சிலருக்கோ எரிச்சலையே தரும். இரண்டு நிமிடத்தில் உங்கள் உடலே சொல்லிவிடும்.

சரியான ஒலியைத் தேர்ந்தெடுத்தும் பலன் காணாதவர்கள் பெரும்பாலும் அளவில் தவறு செய்கிறார்கள். 10 டெசிபல் கூடினால் ஒலி ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்கும் என்பதால், பொத்தானைச் சிறிது திருப்பினாலும் பெரிய மாற்றம் நேர்கிறது. தொந்தரவான சத்தம் முழுவதும் மறையும்வரை கூட்டிக்கொண்டே போகாதீர்கள்; அதன் கூர்மை மழுங்கினாலே போதும். படுக்கையருகே ஒருவர் இயல்பான குரலில் பேசினால், அவர் குரலை உயர்த்தாமலேயே உங்களுக்குப் புரிய வேண்டும். புகை எச்சரிக்கை மணியும் குழந்தையின் அழுகையும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைக்காமல், சத்தம் வரும் சன்னலுக்கோ கதவுக்கோ பக்கத்தில் வைத்தால் குறைந்த ஒலியிலேயே நல்ல மறைப்பு கிடைக்கும்.

கைக்குழந்தைகளின் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை அவசியம். குழந்தைகளுக்கென விற்கப்படும் 14 ஒலிக்கருவிகளைச் சோதித்த 2014ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், முழு ஒலியில் வைத்தபோது அவை அனைத்தும் ஒரு மீட்டர் தூரத்திலும் 50 டெசிபலைத் தாண்டின. மூன்று கருவிகள் 30 செ.மீ. தூரத்தில் 85 டெசிபலையும் தாண்டின. தொட்டிலிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, மிகக் குறைந்த ஒலியில் வைத்து, குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதும் நீங்கள் முதலில் பிரித்தறிந்த காரணத்தைப் பொறுத்தது. எண்ணங்களுக்காக ஒலி தேடுபவருக்கு டைமர் போதும். தூக்கம் வரப் பொதுவாக 10 முதல் 20 நிமிடங்கள் ஆகும் என்பதால், 45 நிமிடம் வைத்து, ஒலி திடீரென்று அறுந்துவிடாமல் படிப்படியாகத் தேய்ந்து அடங்கும்படி அமைக்கலாம். வெளிச்சத்தத்திற்காகக் கேட்பவர் விடியும்வரை ஓடவிடுவதே சரி. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, விடியற்காலைத் தூக்கம் மெல்லியது, அப்போதுதான் வெளியே நடமாட்டமும் தொடங்குகிறது. இயர்போன் அணிந்து தூங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை: ஒருக்களித்துப் படுத்தால் காது வலிக்கும், காதுக்குள் மெழுகு அடைபடும், வயர் கழுத்தைச் சுற்றும். துணைவருக்குத் தொந்தரவு கூடாது என்றால் தலையணைக்குள் வைக்கும் தட்டையான ஸ்பீக்கர் கிடைக்கிறது.

ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு வாரமாவது மாற்றாமல் கேளுங்கள். முதல் இரவில் புதுமையே கவனத்தை ஈர்க்கும். பழகிய பின்னர்தான் அந்த ஒலி படுக்கைக்கான அறிகுறியாக மனத்தில் பதியும். இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இடைவிடாத இரைச்சல் எல்லோரது தூக்கத்தையும் மேம்படுத்தும் என்பதற்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் வலுவானவை அல்ல. ஒலி இல்லாமலே நன்றாகத் தூங்குபவருக்கு அது தேவையும் இல்லை. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களாகத் தூக்கமின்மை நீடித்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுவதாக உடனிருப்பவர் சொன்னாலோ, ஒலியை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சிறு ஏற்பாடு. தேர்ந்தெடுத்த ஒலியைக் கைப்பேசியிலேயே பதிவிறக்கி வைத்து, இரவில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். இணையத்திலிருந்து ஓடும் பதிவு நடு இரவில் அறுபடலாம், அல்லது அது முடிந்ததும் உரத்த விளம்பரம் ஒன்று தொடரலாம். பதிவிறக்கிய கோப்பில் இரண்டுமே நேராது, வெளியூரில் தங்கும் இரவிலும் அதே ஒலி உங்களுடன் இருக்கும்.