நீளமான பேன்ட்டை வீட்டிலேயே மடித்துத் தைத்தேன்

மகனுக்கு எடுத்த யூனிஃபார்ம் பேன்ட் தரையைக் கூட்டியது. தையற்கடையில் கூட்டம், நானே உட்கார்ந்துவிட்டேன். முதலில் துவைத்துக் காயப்போட்டேன். பருத்தி கலந்த துணி தைத்த பிறகு சுருங்கினால் கணுக்கால் தெரியும். அப்புறம் ஷூ போட்டு நிற்கவைத்து, அளவு பார்த்துக் குண்டூசி குத்தினேன். வளரும் பிள்ளை, அதனால் வெட்டவில்லை. மிச்சத் துணியை உள்ளே இரண்டாக மடித்துவிட்டேன், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். மடிப்பை இஸ்திரி போட்டு அழுத்தியதும் பாதி வேலை முடிந்தது.

மீதி ஹெம்மிங்தான், அதாவது மடித்த ஓரத்தைக் கையால் தைப்பது. பேன்ட் நிறத்திலேயே ஒற்றை நூல், மெல்லிய ஊசி. வெளித்துணியில் ஓரிரு இழையை மட்டும் ஊசியில் எடுத்து, உள்மடிப்பில் குத்தி இழுக்க வேண்டும். நூலை இறுக்கினால் வெளியே சுருக்கம் விழும், கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். குதிகால் பக்கம் மட்டும் தையலை நெருக்கிப் போட்டேன். அவசரமாகக் காலை நுழைக்கும்போது விரல் மாட்டிப் பிரிவது அங்கேதான்.